பந்தயக் கார்களும் எரிபொருட் சிக்கனமும்

காற்றின் குணத்தைத் தீவக மக்களுக்கு வேறொருவர் எடுத்துக் கூறவேண்டியதில்லை. வைகாசி மாதத்திற் சோளகம் எழுந்துவிட்டால், யாழ்ப்பாணத்தில் அலுவல் முடித்துப் பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் சைக்கிளில் திரும்புவோர் தலையைக் கவிழ்த்து, முதுகை வளைத்து, நெஞ்சைக் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு மிதிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு குனியாது நிமிர்ந்திருந்து மிதிப்பவன் சிறிது தூரத்தில் இறங்கி உருட்டத் தொடங்கிவிடுவான். இவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் காற்றைப்பற்றிய சாத்திரம் கற்பிக்கப்படவில்லை. எனினும், காற்றுக்கு எதிரே செல்லும் பொருளின் உருவத்தைச் சிறிது மாற்றினால் அதனைச் செலுத்துவதற்கு வேண்டிய வலுவும் குறையும் என்னும் உண்மையை அவர்கள் தங்கள் உடம்பினாலேயே அறிந்துகொண்டனர்.

இதே உண்மையை மோட்டார் வண்டிக்குப் பொருத்திப் பார்த்தவர்களின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம். அவர்களிற் பெரும்பாலோர் பந்தயக் கார்களை அமைத்தவர்கள். அவர்கள் தேடியது வேகம். கைக்கு வந்ததோ வேகமும் அதனோடு எண்ணெய்ச் சிக்கனமும். செல்வர் விளையாடும் வண்டியைப்பற்றி நமது மலரில் எதற்கு என்று பெரியோர் சிலர் கேட்டல் கூடும். 1990க்குப் பின் இடம்பெயர்ந்து குடாநாட்டில் இருந்த காலத்திற் பெற்றோலைப் போத்தலில் அளந்து வாங்கியவர்களும், 2022இல் எண்ணெய் நிலையத்தின் வாசலில் இரவு பகலாக வரிசையில் நின்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு லீற்றர் எண்ணெயின் பெறுமதியை அறிந்த அவர்களுக்கு, அந்த லீற்றரில் எத்தனை பங்கைக் காற்று குடித்துவிடுகிறது என்பதை அறிவதும் பயனுடையதே.

வரலாற்றுக்குள் நுழையுமுன் காற்றுத் தடை எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டியை இரண்டு தடைகள் முக்கியமாகப் பின்னிழுக்கின்றன. ஒன்று, ரயர் தெருவில் அமுங்கி அமுங்கி உருள்வதனால் வருவது. இது வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. மற்றது காற்றினால் வருவது. இது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. வேகம் மும்மடங்கானால் தடை ஒன்பது மடங்கு. ஆகவே குழி விழுந்த ஊர்த் தெருவில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவனுக்குக் காற்று ஒரு பொருட்டன்று. 70, 80 கிலோமீற்றரைத் தாண்டியவனுக்கோ அதுவே தலையாய பகை.

இங்கே நம்மவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வண்டியின் வேகமானியில் தெரியும் வேகம் வேறு. காற்று உணரும் வேகம் வேறு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவர் தாம்போதியிற் செல்கிறார் என்றும், சோளகம் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் அவருக்கு நேரெதிரே வீசுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். காற்றைப் பொறுத்தமட்டில் அவ்வண்டி 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது. காற்றில்லாத நாளில் அவருக்கு நேரும் தடையை 1 என்று கொண்டால் இப்பொழுது அது 2.56 ஆகும். திரும்பும்போது அதே காற்று முதுகில் வீசும். அப்பொழுது தடை 0.16 மாத்திரமே. போகும்போது பட்ட கடனை வரும்போது காற்று அடைத்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. கூட்டிப் பாருங்கள். போக்கும் வரவும் சேர்ந்து 2.72 ஆகிறது, காற்றில்லாத நாளிலோ 2 மட்டுமே. சோளகம் ஒருபோதும் முழுக்கடனையும் திருப்பித் தருவதில்லை. சைக்கிள் மிதித்த முதியோர் இதனைக் கணக்கில்லாமலே சொல்வர்.

இனி உருவத்தைப் பார்ப்போம். முன்பக்கம் கூராக இருந்தாற் போதும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகலாம் என்பதே யாவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். உண்மை அதற்கு மாறானது. சந்தையிற் கிடத்தியிருக்கும் சூரை மீனை உற்றுப் பாருங்கள். தலைப்பக்கம் உருண்டு தடித்திருக்கும். நடுப்பாகத்துக்குச் சற்று முன்னரே உடல் மிகப் பருத்து, அங்கிருந்து வால்வரை மெல்ல மெல்ல ஒடுங்கிச் செல்லும். உருண்ட முன்பக்கம் நீரை எளிதாக விலக்கிவிடும். விலகிய நீரைச் சுழலவிடாமல் மீண்டும் ஒன்றுசேர்ப்பதே கடினமான வேலை. அந்த வேலையைச் செய்வது பின்பக்கம். பின்பக்கம் திடீரென வெட்டப்பட்டதுபோல் முடிந்தால், காற்று உடலைவிட்டுப் பிரிந்து பின்னாலே சுழிகளை உண்டாக்கும். அங்கே அமுக்கம் குறையும். அக்குறைந்த அமுக்கம் வண்டியைப் பின்னே உறிஞ்சும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் கெயிலி என்னும் அறிஞர் 1809ஆம் ஆண்டளவில் ஆற்று மீனொன்றின் உடற்சுற்றளவுகளை அளந்து, மிகக் குறைந்த தடையுடைய உருவம் இதுவே எனத் தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். உடலைப் பிரியாது தழுவிச் செல்லும் இவ்வோட்டத்தின் கோடுகளையே நமது பாடநூல்கள் அருவிக்கோடுகள் என்கின்றன. நல்ல பெயர், ஆக்கியவர் யாராயினும் அவருக்கு நம் வணக்கம்.

உருவத்தின் நன்மை தீமையை ஓர் எண்ணாற் குறிப்பர். அதற்குத் தடைக் குணகம் என்று பெயர். காற்றுக்கு நேரே பிடித்த தட்டையான பலகைக்கு அது 1க்குச் சற்று மேல். மீன் வடிவத்துக்கு 0.05 அளவு. 1920களின் பெட்டி போன்ற கார்களுக்கு 0.7க்குக் குறையாது. பலகைக்கும் மீனுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை மோட்டார் வண்டி எவ்வாறு கடந்தது என்பதே நம் கதை.

1899ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள அஷேர் என்னுமிடத்தில், பெல்ஜிய நாட்டவரான கமில் ஜெனற்சி மின்கலங்களால் ஓடும் வண்டியொன்றை மணிக்கு 105.88 கிலோமீற்றர் வேகத்திற் செலுத்தினார். தெருவண்டியொன்று 100 கிலோமீற்றரைத் தாண்டியது அதுவே முதல் முறை. ‘ஒருபோதும் திருப்தியுறாதவள்’ என்று பொருள்படும் பெயரை அவ்வண்டிக்கு அவர் இட்டிருந்தார். அதன் உடல் நமது யாழ்ப்பாணச் சுருட்டைப்போல நீண்டு இரு முனையும் ஒடுங்கியது. ஆனால் அந்தச் சுருட்டின் மேலே ஜெனற்சி, யானைமேற் பாகனைப்போல இடுப்புக்கு மேலே முழுதும் வெளியே தெரிய நிமிர்ந்து அமர்ந்திருந்தார். கீழே சில்லுகளும் அச்சுகளும் வெறுமையாய்க் கிடந்தன. உடலுக்குச் செய்த உபசாரம் அனைத்தையும் அவருடைய மார்பும் தலையுமே வீணாக்கியிருக்கும். படத்தைப் பார்ப்பவர்க்குச் சிரிப்பு வரும். ஆயினும் எண்ணம் பிறந்துவிட்டது.

அளந்து பார்க்கும் கருவி அதன்பின்னரே வந்தது. பாரிஸ் கோபுரத்தால் நாமறிந்த ஈபெல், 1909இலும் 1912இலும் காற்றுச் சுரங்கங்களை அமைத்து, பொருளை அசையாது நிறுத்தி அதன்மீது காற்றை ஓடவிட்டுத் தடையை அளந்தார். விமானம் கட்டுவோர் அதனாற் பெரும்பயன் பெற்றனர். முதலாம் உலகப்போர் முடிந்ததும் தோல்வியுற்ற ஜேர்மனியில் விமானத் தொழில் முடங்கியது. அதனாலே வேலையிழந்த அறிவு மோட்டார் வண்டியின் பக்கம் திரும்பியது. எட்மண்ட் றும்ப்ளர் அத்தகையவர். 1921இல் பேர்லின் கண்காட்சியில் அவர் வைத்த ‘துளி வண்டி’ மேலேயிருந்து பார்த்தால் நீர்த்துளி போன்றது. முன்னே உருண்டு பின்னே ஒடுங்கியது. ஏறக்குறைய நூறு வண்டிகளே செய்யப்பட்டன. எஞ்சினும் சுக்கானும் தொல்லை கொடுத்தன; பயணப்பெட்டி வைக்க இடமில்லை; கண்டவர் நகைத்தனர். சில பேர்லினில் வாடகைக் கார்களாக ஓடி முடிந்தன. அந்த வண்டியொன்றை 1979இல், அதாவது 58 ஆண்டுகளின் பின், வொல்க்ஸ்வாகன் கம்பனியார் தங்கள் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது அதன் தடைக் குணகம் 0.28 என்று வந்தது. அளந்த காலத்தில் விற்பனையிலிருந்த புதிய கார்களிற் பல அதற்கு அருகிலும் வரமாட்டா.

றும்ப்ளர் வண்டியை மேலிருந்து பார்த்து ஒடுக்கினார். செப்பலின் ஆகாயக் கப்பற் சாலையில் வேலை செய்த போல் யாரே, தெரு அருகில் இருப்பதனாற் காற்று கீழே செல்ல இடமில்லை, ஆகவே வண்டியின் உருவம் ஆகாயக் கப்பலைப் பாதியாக அறுத்துத் தரையிற் கவிழ்த்ததுபோல் இருத்தல் வேண்டும் என்றார். 1920களின் தொடக்கத்தில் அவர் உரிமைப்பத்திரம் கோரிய இவ்வுருவத்தைப் பின்பற்றி, செக்கோசிலோவாக்கியாவின் தத்ரா கம்பனி 1934இல் ஒரு பெருங்காரை வெளியிட்டது. அதே 1934இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பனி ‘எயர்புளோ’ என்னும் காரை வெளியிட்டது. நல்ல வண்டி, மக்கள் வாங்கவில்லை. அதன் முகம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இத்தோல்வியைக் கண்ட அமெரிக்கக் கம்பனிகள் நெடுங்காலம் காற்றைப்பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. பெற்றோல் மலிவாகக் கிடைக்கும் நாட்டிற் காற்றுக்குப் பயப்படுவார் யார்?

மீன் வடிவத்திற்கு மற்றொரு குறையும் இருந்தது. வாலை முற்றாக ஒடுக்கினால் வண்டி தோணியளவு நீண்டுவிடும். ஊர் முடக்குகளில் திரும்பாது. ஸ்ருட்கார்ட் நகரப் பேராசிரியர் வூனிபால்ட் காம் 1930களில் இதற்கு வழி கண்டார். கூரையை மெல்லத் தாழ்த்திக்கொண்டு சென்று, காற்று உடலைப் பிரியாதிருக்கும் எல்லைக்குள்ளேயே வாலைச் செங்குத்தாக வெட்டிவிடலாம். நீண்ட வாலின் பயனிற் பெரும்பங்கு அப்படியே கிட்டும் என்று அவர் காட்டினார். முழு வால் கெடுதியில்லை, அரை வால் போதும் என்ற இந்தக் கண்டுபிடிப்பே அருவிக்கோட்டு வண்டியை ஆய்வுசாலையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது என்பது நமது கருத்து. 1940இல் இத்தாலியில் நடந்த மில்லே மிலியா ஓட்டத்தில் மூடிய, வழுவழுப்பான உடலமைந்த பி.எம்.டபிள்யூ. 328 கார் மணிக்குச் சராசரி 166 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் ஓடி வென்றது. அதன் எஞ்சின் இரண்டு லீற்றர் கொள்ளளவு உடையதே. பெரிய எஞ்சினாற் செய்யவேண்டியதைத் தகடு தட்டுபவனின் சுத்தியலாற் செய்யலாம் என்று உலகம் கண்டது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இக்கதை இங்கிலாந்துக்குச் செல்கிறது. அங்கே பணமும் இல்லை, பெரிய எஞ்சினும் இல்லை. கொலின் சப்மன் என்னும் இளைஞர் லோட்டஸ், அதாவது தாமரை, என்ற பெயரிற் சிறு பந்தயக் கார்களைக் கட்டிக்கொண்டிருந்தார். டி ஹவிலண்ட் விமானக் கம்பனியிற் பணிபுரிந்த பிராங்க் கொஸ்ரின் 1954 முதல் அவருக்கு உடலமைத்துக் கொடுத்தார். கொஸ்ரினுடைய தம்பி சப்மனிடம் வேலை செய்ததே இந்தத் தொடர்புக்குக் காரணம். விமானத்தில் ஓர் ஆணித்தலை வெளியே துருத்தினாலும் கணக்குப் பார்ப்பவர்கள், மோட்டார் வண்டியின் கீழ்ப்பகுதி முழுதும் குழாயும் கம்பியுமாய்த் தொங்குவதைக் கண்டு வியந்திருப்பார்கள். இத்தகையோர் செய்த திருத்தங்கள் யாவும் எளியவை. அடிப்பக்கத்தைத் தகட்டால் மூடினர். சில்லுகளை உடலுக்குள் அடக்கினர். எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றுக்கு அளவான வாயிலும் ஒழுங்கான போக்கிடமும் வைத்தனர். ஓட்டுபவனின் தலைக்குப் பின்னே காற்று சுழலாதிருக்க ஒரு புடைப்பை எழுப்பினர். காற்று எங்கே தழுவுகிறது, எங்கே பிரிகிறது என்பதைக் காண வண்டியின்மேற் சிறு நூற்றுண்டுகளை வரிசையாக ஒட்டி ஓட்டிப் பார்க்கும் முறை அவர்களுக்குப் பெரிதும் உதவியது. நூல் படிந்து கிடந்தால் நன்று; துடித்தாற் குறை. இந்தச் சோதனைக்குச் சதக்கணக்கிலேயே செலவு. நமது இளைஞர்கள் விரும்பினால் ஒரு விடுமுறை நாளிற் செய்து பார்க்கலாம்.

லோட்டஸ் வண்டிகளுக்குப் பூட்டிய கொவென்றி கிளைமாக்ஸ் எஞ்சின் தீயணைக்கும் நீரிறைப்பிக்காகப் பிறந்தது. இருவர் தூக்கிச் செல்லத்தக்க பாரமற்ற எஞ்சின் என்பதே அதன் சிறப்பு. அந்த எஞ்சினின் மிகச் சிறிய வடிவத்தை, 750 கன சென்ரிமீற்றருக்கும் குறைந்ததை, பூட்டிய ‘லோட்டஸ் பதினொன்று’ 1957இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணிநேர ஓட்டத்தில் எஞ்சின் அளவுக்கேற்ற திறமைக்கான பரிசைப் பெற்றது. லெ மான் ஓட்டத்தில் ஆறு கிலோமீற்றர் அளவான நேர்ப்பாதை ஒன்றிருந்தது. அங்கே எஞ்சினின் பருமனைவிட உடலின் உருவமே பேசும்.

லெ மான் ஓட்டத்தைப்பற்றி இன்னுமொன்று சொல்லவேண்டும். 1923இல் தொடங்கிய அவ்வோட்டத்தில் யார் அதிக தூரம் ஓடினார் என்பதை உலகம் முழுவதும் பத்திரிகைகள் எழுதின. 1950களின் இறுதியில் அங்கே வேறொரு பரிசும் ஏற்படுத்தப்பட்டது. ஓடிய வேகம், வண்டியின் எடை, குடித்த எண்ணெய் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணித்து, எண்ணெயை மிகப் பயன்படுத்தியவர் யார் என்று தீர்ப்பளிக்கும் ‘வெப்பத்திறன்’ பரிசு அது. மெதுவாக ஓடி எண்ணெயை மிச்சம் பிடிப்பவனுக்கு அது கிட்டாது; வேகமாகவும் ஓடவேண்டும், குறைவாகவும் குடிக்கவேண்டும். கொஸ்ரினின் உதவியோடு உருவான, கண்ணாடி நாரினால் உடல் செய்த ‘லோட்டஸ் எலீற்’ இப்பரிசை இருமுறை பெற்றது. அதன் தடைக் குணகம் 0.29.

எனினும் நமக்கு மிகவும் பிடித்தது 1961ஆம் ஆண்டின் கதை. அவ்வாண்டு லெ மான் ஓட்டத்தில் முதலாவதாக வந்தது பெராரி. ஓட்டியவர் ஒலிவியே ஜாண்டெபியேனும் பில் ஹில்லும். அது யாவரும் அறிந்தது. வெப்பத்திறன் பரிசைப் பெற்றதோ ‘சண்பீம் அல்பைன்’ என்னும், கடையில் விலைக்குக் கிடைத்த சாதாரண விளையாட்டுக் கார். அதன் அடித்தளம், நமது நாட்டுத் தெருக்களிலும் ஓடிய ஹில்மன் கார்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. எஞ்சின் 1,592 கன சென்ரிமீற்றர். வண்டியிற் செய்த முக்கியமான மாற்றம் பின்பக்கக் கூரை. திறந்த காராக இருந்ததை மூடி, ஓட்டுபவன் தலைக்கு மேலிருந்து பின்முனைவரை ஒரே சரிவாகத் தாழ்ந்து செல்லும் கூரையொன்றைப் பொருத்தினார்கள். அதைச் செய்தவர்கள் இங்கிலாந்தின் ஹோவ் நகரத்து ஹரிங்டன் கம்பனியார்; பஸ் வண்டிகளுக்கு உடல் கட்டுவதே அவர்களுடைய தொழில்! பஸ் கட்டுபவர் செய்த கூரையோடு பீற்றர் ஹாப்பரும் பீற்றர் புறொக்ரரும் 24 மணிநேரம் மணிக்குச் சராசரி ஏறத்தாழ 91 மைல் வேகத்தில் ஓடினர். கலனுக்கு 18 மைல் அளவு கிடைத்தது. பதினாறாவதாக வந்த அவ்வண்டியைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதவில்லை. கம்பனியார் மட்டும் ‘ஹரிங்டன் லெ மான்’ என்று பெயரிட்டு அதைப்போன்ற கார்களை விற்றனர்.

இந்த 18 மைலை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம். நமது இன்றைய கணக்கில் அது 100 கிலோமீற்றருக்கு 15.7 லீற்றர், சராசரி வேகம் மணிக்கு 146 கிலோமீற்றர்.

அதே காலத்தில் நம் பக்கத்திலோ மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் ஓடின. மொறிஸ் மைனர் முட்டைபோல் உருண்டது என்பதற்காகக் காற்றுக்கு இசைந்தது என்று கருதுதல் கூடாது. உருண்டையான பொருளெல்லாம் மீனாகிவிடாது. நம் தெருக்களின் வேகத்துக்கு அது தேவையுமில்லை. 1990இல் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது நமது மெக்கானிக்குகள் திருத்தியது வண்டியின் உருவத்தையன்று, அதன் உணவை. அப்பழைய எஞ்சின்கள் எண்ணெய்க் கலவையை ஏழெட்டு மடங்கே நெருக்குவன. ஆதலால் மண்ணெண்ணெயைக் கொடுத்தாலும் வெடித்துச் சிதறாமல் ஒருவாறு ஏற்றுக்கொண்டன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தெருவெல்லாம் புகை, பின்னே வரும் சைக்கிள்காரனுக்குக் கண்ணெரிவு. ஆயினும் அந்தக் கார்கள்தாம் நோயாளரையும் பிள்ளை பெறப்போன தாய்மாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தன. புதிய, உயர்ந்த நெருக்கமுடைய எஞ்சின்கள் அன்று இருந்திருந்தால் இது நடந்திராது. லெ மான் பரிசு பெற்றவர்களின் சாதனைக்கு இது தாழ்ந்ததென்று நாம் கருதவில்லை.

உலகத்தாருக்கு இந்தத் தட்டுப்பாட்டின் முதற்பாடம் 1973ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கிடைத்தது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தவே சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அமெரிக்கா 1974 தொடக்கத்தில் வேகத்தை மணிக்கு 55 மைல் என மட்டுப்படுத்தியது. அதுவரை பந்தயக்காரருக்கே வேண்டியதாயிருந்த காற்றுச் சாத்திரம் அப்பொழுது குடும்பக் கார் செய்பவருக்கும் வேண்டியதாயிற்று. 1982இல் வந்த ஔடி 100 என்னும் பெரிய குடும்பக் காரின் குணகம் 0.30. கண்ணாடிகளைக் கூட உடலின் மட்டத்துக்கே கொண்டுவந்து பதித்திருந்தார்கள்.

இதற்கிடையில் மேர்சிடிஸ் பென்ஸ் கம்பனியார் செய்ததை விரிவாகச் சொல்லத் தகும். 1969இல் அவர்கள் சி-111 என்ற பெயரில் செம்மஞ்சள் நிறமுடைய விளையாட்டுக் காரொன்றைச் சோதனைக்காகக் கட்டினர். பெற்றோலை மிகக் குடிக்கும் எஞ்சின் அதற்கு. எண்ணெய் நெருக்கடி வந்தபின் அந்த எஞ்சினை எடுத்துவிட்டு, தங்கள் சாதாரண 300 டி கார்களில் உள்ள ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சினின் திருத்திய வடிவத்தை வைத்தனர். டீசல் என்றால் வாடகைக் காருக்கும் லொறிக்கும் உரியது என்ற எண்ணம் அக்காலத்தில் யாவரிடமும் இருந்தது. பின்னர் உடலையும் மாற்றினர்: முன்பக்கம் தாழ்ந்தது, சில்லுகள் மூடப்பட்டன, வால் மிக நீண்டது. குணகம் 0.2க்கும் கீழே இறங்கியது. 1978 ஏப்பிரலில் தென் இத்தாலியின் நார்டோ என்னுமிடத்து வட்டப்பாதையில் அவ்வண்டி 12 மணிநேரம் மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேலான சராசரி வேகத்தில் ஓடியது. 100 கிலோமீற்றருக்கு அது குடித்த டீசல் ஏறத்தாழ 16 லீற்றர்.

இப்பொழுது சண்பீம் அல்பைனை நினைவுகூருங்கள். அதே அளவு எண்ணெய். வேகமோ இரு மடங்குக்கும் மேல். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்று முன்னர்க் கண்டோம். ஆகவே பழைய உடலாயின் நான்கு மடங்குக்கு மேல் தடை வந்திருக்கும். ஒப்பிடும்போது நியாயமும் வேண்டும். நார்டோ வட்டப்பாதையில் தடுப்பை மிதிக்கவேண்டிய அவசியமில்லை. லெ மான் பாதையில் ஒவ்வொரு முடக்கிலும் வேகத்தை இழந்து மீண்டும் பெறவேண்டும். மேலும் ஒரு லீற்றர் டீசலிலுள்ள சக்தி ஒரு லீற்றர் பெற்றோலினதைவிடக் கூடியது; டீசல் எஞ்சினின் திறனும் கூடியது. இவையனைத்தையும் கழித்தபின்னும் உருவத்துக்குரிய பங்கு பெரிதாகவே நிற்கிறது.

அதன்பின் வந்தவற்றை விரைந்து சொல்லலாம். 1999இல் ஹொண்டா வெளியிட்ட இருவர் அமரும் ‘இன்சைற்’ பின்சில்லுகளை மூடிக்கொண்டு 0.25 குணகத்தோடு வந்தது. 2013இல் வொல்க்ஸ்வாகனின் எக்ஸ்.எல்.1 வண்டி 0.19 என்ற குணகத்தை எட்டியது. 250 வண்டிகளே செய்தனர். அது 100 கிலோமீற்றருக்கு 0.9 லீற்றர் டீசலே குடிக்கும் என்று கம்பனியார் கூறியது, வீட்டிலே மின்சாரம் ஏற்றிக்கொண்டு புறப்படும் வண்டிக்குரிய கணக்கு என்பதை மறத்தலாகாது. விற்பனைக் கணக்குகளை எப்பொழுதும் இவ்வாறே உரசிப் பார்த்தல் நன்று.

எண்ணெய் மிச்சம் பிடிப்பதையே பந்தயமாக வைத்தோரும் உளர். 1939இல் அமெரிக்காவின் வூட் ரிவர் என்னும் ஊரில் ஷெல் கம்பனியின் ஆய்வாளர் சிலர், ஒரு கலனுக்கு யாருடைய கார் அதிக தூரம் ஓடும் என்று தமக்குள்ளே பந்தயம் கட்டினர். வென்றவருடைய பழைய பிளிமத் காருக்கு ஏறத்தாழ 50 மைல் கிடைத்தது. அந்த வேடிக்கையே வளர்ந்து, மாணவர் தாமே கட்டிய வண்டிகளோடு கூடும் உலகப் போட்டியாயிற்று. 2018 டிசம்பரில் அது சென்னைக்கு அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் நடைபெற்றது. மூன்று சில்லும், படுத்தவாறு ஓட்டும் ஒருவரும், பின்னே ஒடுங்கும் மெல்லிய ஓடுமாக அமைந்த வண்டிகள் அங்கே ஓடின.

நம் நாட்டில் 2022 ஆடியில் தொடங்கிய பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 என்று முதலில் அளந்து தந்தனர். பெருந்தெரு வேகத்தில் காற்றுத் தடையை நூற்றுக்குப் பத்துக் குறைத்தால் எரிபொருள் நூற்றுக்கு ஐந்து அளவிற் குறையும் என்பது பொறியியலாளரின் பொதுக்கணக்கு. இருபது லீற்றரில் அது ஒரு லீற்றர். நமது வான்கள் பல, மேலே ஒரு சாக்கும் இல்லாதபோதும் கூரையில் இரும்புத் தட்டியைச் சுமந்துகொண்டு கொழும்புவரை 400 கிலோமீற்றர் ஓடுகின்றன. அந்தத் தட்டியைக் கழற்றி வீட்டில் வைப்பதற்கு ஒரு சாவியும் கால்மணி நேரமுமே வேண்டும். கொஸ்ரின் இருந்திருந்தால் முதலில் அதையே கழற்றியிருப்பார். வேலணைக்குள்ளேயே ஓடும் முச்சக்கர வண்டிக்கு இந்த ஆலோசனை பெரும்பயன் தராது. அதற்கு ரயரிற் காற்றுச் சரியாக இருப்பதே முக்கியம்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் டீசற் படகுகளின் செலவு இவை எல்லாவற்றிலும் பெரிது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுடையது. அங்கே உருவத்தின் பிழை உடனே எண்ணெயிற் தெரியும். ஆனால் படகு காற்றையும் நீரையும் ஒருங்கே கிழித்துச் செல்வதோடு, தானே அலையையும் எழுப்புவது. அந்த அலைக்கும் எண்ணெய் செலவாகும். தோணி கட்டிய நம் ஓடாவிமார் அறிந்திருந்ததையும், அதனைக் கணக்கிட்ட மேல்நாட்டார் அறிந்ததையும் சேர்த்துத் தனியே வேறொரு மலரில் எழுதுதல் வேண்டும்.